பாக்கி நிற்கும் 37 செபமாலைகள்

கேள்வி:

"பாதர், எனக்கு 41 வயது. பாலையூற்றில் இருக்கிறோம். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. கணவர் கட்டாரில். மகன் தரம் 8 படிக்கிறான். போன ஆவணியில் அம்மாவுக்கு மூளைக்குள் இரத்தம் கசிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். 'அம்மா எழும்பி நடந்தால், சாகும்வரை ஒருநாளும் விடாமல் 53 மணிச் செபமாலை சொல்லுவேன்' என்று மாதாவுக்கு நேர்ந்தேன். ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டா. ஆனாலும் கொடுத்த வாக்கு என்று தொடர்ந்து சொல்லி வருகிறேன். நைட் டியூட்டி வந்தால் விட்டுப்போகும். விட்ட நாளைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் சுழித்து வைக்கிறேன். இன்றைக்கு 37 பாக்கி. லீவு நாளில் நாலைந்து சேர்த்துச் சொல்லப் பார்ப்பேன். பாதியில் மனம் வார்டுக்கு ஓடிவிடும். அது கணக்கில் சேருமோ தெரியாது. என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் சகோதரி விட்ட தொழுகையைக் களாச் செய்கிறா. நாங்களும் அப்படித்தானே செய்ய வேண்டும்? இப்போது செபமாலையைக் கையில் எடுக்கவே பயமாக இருக்கிறது. ஒழுங்காகச் செபிக்க ஒரு வழி சொல்லுங்கள்."

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

வழி கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. அந்த 37ஐ இன்றோடு விட்டுவிடுங்கள். குறைத்துக் கட்டுவதோ தவணையில் கட்டுவதோ இல்லை, முழுவதையும் விட்டுவிடுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் குருவாக இருந்து, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து, இதே கணக்கைப் பலருடைய வாயிலிருந்து கேட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. காலைக்கடன், இறுதிக்கடன் என்னும்போது அது கடமை. அந்தந்த நேரத்துக்கு உரியதைச் செய்வது. கடைக்காரனுக்குக் கொடுக்க வேண்டியதும் கடன்தான், ஆனால் அது நாளுக்கு நாள் ஏறும். நேர்த்திக்கடன் என்ற சொல்லை நீங்கள் முதல் அர்த்தத்தில் தொடங்கி, எங்கோ ஓரிடத்தில் இரண்டாவதற்குள் விழுந்துவிட்டீர்கள். கலண்டர் கடைக்காரனின் கொப்பியாகிவிட்டது. கொப்பியைப் பார்த்து யாருக்கும் கடைக்குப் போக மனம் வராது. உங்களுக்குச் செபமாலையைத் தொடப் பயம் வந்தது இப்படித்தான். பக்தி குறைந்ததால் வந்த பயம் இல்லை அது.

உங்கள் தோழி செய்வது அவர்களுடைய மார்க்கத்தில் சரியானது. ஐவேளைத் தொழுகை அவர்களுக்கு விதிக்கப்பட்ட கடமை. விட்டதைக் களாச் செய்வதும் அந்தக் கடமையோடு சேர்ந்தது. அவருடைய ஒழுங்கைப் பார்த்து உங்களுக்கு ஆசை வந்தது நல்லதுதான். ஆனால் எங்கள் வழக்கம் வேறு. குருக்களாகிய நாங்கள் திருப்புகழ்மாலையை, அதாவது காலை, மாலை, இரவு என்று வேளைக்கு வேளை சொல்லும் திருச்சபையின் செபத்தை, நாள்தோறும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். குருவாகுமுன் தியாக்கோனாகும் நாளிலேயே அந்த வாக்கைக் கொடுக்கிறோம். அப்படிப்பட்ட எங்களுக்கே, ஒரு நாளின் செபம் விட்டுப்போய் அந்த நாளும் முடிந்துவிட்டால், அதை மறுநாள் சேர்த்துச் சொல்லும் கடமை இல்லை. காலைப் புகழ் காலைக்கு உரியது. காலை போனால் அது போனதுதான். அடுத்த காலை வரும். செபமாலையோ திருச்சபை யாருக்கும் கட்டளையாக விதிக்காத பக்தி முயற்சி. குருவுக்கே இல்லாத பாக்கி உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

"நேர்ந்தேனே பாதர்" என்பீர்கள். சரி, அதையும் பார்ப்போம்.

நேர்த்தி சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் திருச்சபைச் சட்டம் அதைப்பற்றித் தெளிவாகவே பேசுகிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 1191ஆம் எண்ணிலிருந்து பார்க்கலாம். கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு நன்கு யோசித்து, சுதந்திரமாகக் கொடுத்ததாக இருக்கவேண்டும் என்கிறது முதல் விதி. 1194ஆம் விதி, ஒரு வாக்கு எப்போது இல்லாமல் போகிறது என்று வரிசையாகச் சொல்கிறது. அதில் ஒன்று: எந்த நிபந்தனையின்மேல் வாக்கு நின்றதோ அந்த நிபந்தனை இல்லாமல் போவது. நீங்கள் எழுதியதை நீங்களே திரும்ப வாசியுங்கள். "அம்மா எழும்பி நடந்தால்." அம்மா எழும்பவில்லை. அந்த 'நடந்தால்' நடக்கவேயில்லை. நான் பார்க்கும் அளவில், அந்த வாக்கு உங்களை ஒரு நாளும் கட்டவில்லை. ஒன்பதாம் நாளுக்குப் பிறகு நீங்கள் சொன்ன ஒவ்வொரு செபமாலையும், தூக்கம் தூங்கிச் சொன்னதும் பாதியில் விட்டதும்கூட, கடனுக்குக் கட்டியது இல்லை. அம்மாமேல் வைத்த அன்பினால் நீங்களாகக் கொடுத்தது.

இதற்குப் பிறகும் மனம் அமைதியாகவில்லை என்றால் உங்கள் பங்குத்தந்தையிடம் போங்கள். தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. 1196ஆம் விதி அதைத் தருகிறது. ஐந்து நிமிட வேலை. எழுத்தில் வேறு ஊரிலிருந்து நான் சொல்வதைவிட, எதிரே இருக்கும் ஒருவர் வாயால் கேட்பது உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

இனி, கடிதத்தின் கடைசித் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த இரண்டு வரி. அதை மேலே பிரசுரிக்கவில்லை. ஆனால் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆறாம் நாள் இரவு ஆஸ்பத்திரி வாங்கில் செபமாலை சொல்லாமல் தூங்கிப்போனதாக எழுதியிருந்தீர்கள். அதனால்தானோ என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை, மகள். அதனால் இல்லை.

மூளைக்குள் கசிந்த இரத்தம் என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லித்தரக்கூடியவர் நீங்கள். இன்னொருவருடைய அம்மாவுக்கு அப்படி நடந்து, அவருடைய மகள் வார்டு வாசலில் நின்று "நான் தூங்கிவிட்டேன் மிஸ்ஸி, அதனால்தானோ" என்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவளுடைய கையைப் பிடித்திருப்பீர்கள். கெத்சமனித் தோட்டத்தில் மூன்று சீடர்களை ஆண்டவர் விழித்திருக்கக் கேட்டார். மூன்று முறை வந்து பார்த்தார், மூன்று முறையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர் சொன்னது, "உள்ளம் ஆர்வமுடையதுதான், ஆனால் உடல் வலுவற்றது." பாவம், களைத்துப் போனார்கள் என்கிற தொனி அதில் எனக்குக் கேட்கிறது. அவர் சிலுவைக்குப் போனது இவர்கள் தூங்கியதால் இல்லை.

அந்த மூவரில் ஒருவர் பேதுரு. அதே பேதுருவைத் திருத்தூதர் பணிகள் நூலில் திரும்பப் பாருங்கள். மூன்றாம் அதிகாரத்தில், பிற்பகல் மூன்று மணிச் செபவேளைக்கு யோவானோடு கோவிலுக்குப் போகிறார். பத்தாம் அதிகாரத்தில், யோப்பா பட்டினத்தில் நண்பகல் வேளை மொட்டைமாடிக்கு ஏறிச் செபிக்கிறார். ஏறியவுடன் பசி வந்துவிடுகிறது. சமையல் ஆகிக்கொண்டிருக்கிறது என்று அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வசனம் மிகவும் பிடிக்கும். தோட்டத்தில் விட்ட மூன்று வேளையையும் அவர் சேர்த்துச் செபித்ததாக எங்கும் இல்லை. அடுத்த வேளை வந்தபோது எழும்பிப் போனார்.

நீங்கள் கேட்ட ஒழுங்கு இங்கேதான் இருக்கிறது.

ஆதிக் கிறிஸ்தவர்கள் நாளை வேளைகளாகப் பிரித்தார்கள். யூத மக்களிடமிருந்து வந்த பழக்கம் அது. தானியேல் நாளுக்கு மூன்று முறை முழந்தாளிட்டார் என்று வாசிக்கிறோம். 'பன்னிரு திருத்தூதர்களின் போதனை' என்று ஒரு மிகப் பழைய கைந்நூல் உண்டு. முதல் நூற்றாண்டின் முடிவை ஒட்டியது என்று பல அறிஞர் கருதுகிறார்கள். தினசரிச் செபத்துக்கு அது சொல்லும் விதி ஒரே வரி: ஆண்டவர் கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லுங்கள். 53 மணி எல்லாம் அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. துறவிகள் 150 சங்கீதங்களைச் சொன்னார்கள். எழுத வாசிக்கத் தெரியாத சனம் அதற்குப் பதிலாக 150 அருள்நிறை மந்திரம் சொன்னது. செபமாலை வளர்ந்த வழி அதுதான். நேரமும் எழுத்தும் இல்லாதவர்களுக்காக வந்த செபம் உங்களுக்குச் சுமையாகிவிட்டதே என்பதுதான் எனக்கு மனவருத்தம்.

ஒரு காட்சி சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், திருகோணமலைக் கடற்கரையில் ஒரு மத்தியானம். கரைவலை இழுத்து முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. ஒரு வயதான அம்மா பலகையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. பன்னிரண்டு மணிக் கோவில் மணி கேட்டது. கத்தியைப் பலகையில் வைத்தா. இரண்டு கையும் செதிளும் இரத்தமும். விரலால் நெற்றியைத் தொடமுடியாது. மணிக்கட்டைத் திருப்பி, கையின் பின்புறத்தால் நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று சிலுவை போட்டா. உதடு அசைந்தது. மூவேளைச் செபம்தான், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பிறகு கத்தியை எடுத்து, விட்ட இடத்திலிருந்தே அந்தப் பாரைமீனின் வயிற்றைக் கீறினா. வாங்க வந்தவர் காத்துக்கொண்டு நின்றார். அவரும் ஒன்றும் பேசவில்லை. செபம் பற்றி நான் குருமடத்தில் படித்ததைவிட அந்த மணிக்கட்டு எனக்கு அதிகம் சொல்லித்தந்தது.

அந்த அம்மாவுக்கு நேரத்தைச் சொன்னது கோவில் மணி. உங்களுக்கு? டியூட்டி வாரத்துக்கு வாரம் மாறுகிறது. காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து ஒரு மணிநேரம் என்று தொடங்கினால் நாலாம் நாள் உடைந்துவிடும். ஆகவே மணிக்கூட்டைப் பிடிக்காதீர்கள். எந்த டியூட்டியானாலும் மாறாமல் நடக்கும் இரண்டு காரியத்தைப் பிடியுங்கள். நான் யோசித்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்தாவிட்டால் மாற்றுங்கள்.

முதலாவது, எழும்பியவுடன் போடும் தேத்தண்ணீர். காலையோ, நைட் முடிந்து தூங்கி எழும்பும் மத்தியானமோ, கேத்தல் கொதிக்க எப்படியும் சில நிமிடம் எடுக்கும். அந்தக் குசினியிலேயே நின்றபடி சிலுவை அடையாளம், பிறகு சங்கீதம் 63இன் முதல் வரி: "கடவுளே! நீரே என் இறைவன்! உம்மையே நான் நாடுகின்றேன்." பிறகு ஆண்டவர் கற்பித்த செபம், மெதுவாக. அவ்வளவுதான். கேத்தல் கொதித்தவுடன் முடித்துவிடுங்கள். மனம் நல்லாக ஒன்றிப்போன நாளிலும் நீட்டவேண்டாம், குறைந்தது ஒரு மாதத்துக்கு. நீட்டினால் அடுத்த நாள் அதே அளவை எதிர்பார்ப்பீர்கள், அப்புறம் பழைய கலண்டர் திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது, டியூட்டி முடிந்து சீருடை மாற்றி பஸ்ஸில் ஏறி உட்கார்வது. இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வீடு வந்து சேரும்வரை நாளைப் பின்னோக்கிப் பாருங்கள். புனித இஞ்ஞாசியார் தம் இயேசு சபையினருக்குக் கற்பித்த ஆன்ம சோதனை இதுதான். எங்கள் மறைமாவட்டத்தில் இயேசு சபையினர் நீண்டகாலம் பணிசெய்ததால் உங்கள் அம்மாவின் தலைமுறைக்கு இது தெரிந்திருக்கும். இன்று எதற்கு நன்றி, யாரிடம் எரிந்து விழுந்தேன், எந்தக் கட்டிலடியில் ஆண்டவர் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது, நாளைக்கு என்ன உதவி வேண்டும். கண்ணை மூடத் தேவையில்லை. மூடினால் தூங்கிவிடுவீர்கள், இறங்கும் இடம் போய்விடும்.

இவை இரண்டும் போதும். இடையில் வார்டில் ஓடித்திரியும்போது ஒற்றை வரிச் செபம் இருக்கிறது. 1600 வருடத்துக்கு முன் ப்ரோபா என்ற உரோமைக் கைம்பெண், எப்படிச் செபிப்பது என்று புனித அகுஸ்தீனிடம் கேட்டா. எகிப்தில் இருந்த சகோதரர்கள் மிகக் குறுகிய செபங்களை, சட்டென்று எறியும் ஈட்டிபோல, அடிக்கடி சொல்வார்கள் என்று அவர் தம் பதிலில் எழுதினார். "ஆண்டவரே, இவருக்கு இரங்கும்" என்று ஊசி ஏற்றும்போது சொல்லலாம். சேலைன் மாட்டும்போது சொல்லலாம். கணக்கு வைக்காதீர்கள்.

செபமாலை? விடச் சொல்லவில்லை. அம்மாவின் செபமாலை வீட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். வாரத்தில் ஒருநாள், லீவு நாளில், ஒரே ஒரு பத்து மணி. ஒரு மறைபொருளை, அதாவது ஆண்டவர் அல்லது மாதாவின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை மனக்கண்ணால் பார்த்தபடி சொல்லுங்கள். மீதி மணி அப்படியே கிடக்கட்டும். என்றாவது ஒருநாள் கை தானாக அடுத்த பத்துக்குப் போனால் போகட்டும்.

மனம் வார்டுக்கு ஓடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அவிலா தெரேசம்மாளை உங்களுக்குத் தெரியும். செபத்தைப் பற்றி அவ எழுதியவற்றுக்காகவே 1970இல் மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே ஆசிரியர், என்று அறிவிக்கப்பட்டா, அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். அவ தன் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது ஒளிக்காமல் சொல்கிறா: சில வருடங்கள் செபத்துக்கு உட்கார்ந்தால், எப்போது மணி அடிக்கும், எப்போது எழும்பலாம் என்பதில்தான் தன் கவனம் இருந்தது என்று. அவவுக்கே அப்படியென்றால் நீங்களும் நானும் பதறத் தேவையில்லை. பத்தாம் நம்பர் கட்டில் ஐயாவின் முகம் அருள்நிறை மந்திரத்துக்கு நடுவே வந்தால் தள்ளிவிடாதீர்கள். "இவரும் வந்திருக்கிறார், மாதாவே" என்று சொல்லிவிட்டு அடுத்த மணிக்குப் போங்கள். அந்த நாளில் அவருக்காகச் செபிக்க வேறு ஆள் இல்லாமலும் இருக்கலாம். கரண்ட் கட்டணம் ஞாபகம் வந்தால், அதையும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஐம்பது தடவை ஓடி ஐம்பது தடவை திரும்பினால், ஐம்பது தடவையும் நீங்களாகத் திரும்பி வந்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிகளுக்குள் இருக்கிறது. மாதாவோடு உங்களுக்குக் கோபம். அம்மாவை எடுத்துக்கொண்டதற்குக் கோபம். அதை மறைத்துக்கொண்டு 'அருள் நிறைந்தவளே' என்று சொல்லப்போனால் தொண்டையில் நிற்கத்தான் செய்யும். மறைக்கவேண்டாம். சுரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுக் கேளுங்கள். தனியே கேட்கச் சொல் வராவிட்டால் சங்கீதம் 13 இருக்கிறது: "ஆண்டவரே, இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர்?" அதைவிடக் கடுமையானது 88. முறையிட்டு முறையிட்டு, இருளிலேயே முடிகிற சங்கீதம். கடைசியில் ஆறுதலான ஒரு வரிகூட இல்லை. அதையும் திருச்சபை தன் செபப்புத்தகத்தில் வைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டில் நாங்கள் சொல்வது அதைத்தான். உங்களுடைய கோபத்துக்கும் அங்கே இடம் இருக்கிறது. மாதாவும் மகனைப் பறிகொடுத்த தாய். அவவுக்குப் புரியும்.

மகனைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். அவனை 53 மணிக்கு இழுத்து உட்கார வைக்காதீர்கள், பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. கட்டாருக்கும் எங்களுக்கும் இரண்டரை மணிநேர வித்தியாசம். அங்கே ஆறு மணிக்கு வேலை விட்டு அப்பா கோல் எடுத்தால் இங்கே எட்டரை. நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில், போனை வைக்க முன் மூன்று பேருமாக ஒரு 'எங்கள் தந்தையே'. வார்த்தை முந்திப் பிந்தித்தான் வரும், பரவாயில்லை. நீங்கள் டியூட்டியில் இருந்தால் அவன் அப்பாவோடு சொல்லட்டும்.

ஒருநாள் இது எல்லாமே விட்டுப்போகும். தேத்தண்ணீர் போடாமலே ஓடுவீர்கள், பஸ்ஸில் அசந்துவிடுவீர்கள். அடுத்த நாள் கேத்தலை வைக்கும்போது ஒன்றும் நடக்காததுபோல் சிலுவை போடுங்கள். மன்னிப்புக் கேட்டு நீளமாக ஒன்றும் வேண்டாம். சுகமில்லாமல் நாலு நாள் கடலுக்குப் போகாதவர் ஐந்தாம் நாள் ஒரு தடவைதான் வள்ளத்தைத் தள்ளுகிறார்.

பங்குத்தந்தையைச் சந்திக்க எந்த நேரம் நல்லது என்று கோவிலில் கேட்டு, ஆட்கள் குறைந்த ஒரு நாளில் போங்கள். நேர்த்தியைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தப் பென்சில் வரிகளையும் அவரிடம் வாயால் சொல்லுங்கள். கலண்டரையும் கொண்டுபோங்கள்.